பாலிங் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்

மலாக்கா, பண்டார் ஹிலிருக்குப் பள்ளிச் சுற்றுலா சென்றவர்கள் ஆ ஃபமோசா கோட்டை வாயிலின் அருகே, இரண்டு குவிமாடங்களுடன் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அது மலாக்கா கிளப். இன்று அது விடுதலைப் பிரகடன நினைவகம். அதன் பக்கத்திலுள்ள திடலில்தான் 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. இலண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1957 ஆகஸ்டு 31ஆம் நாளுக்குள் மலாயா விடுதலை பெறும் என்று அங்கே அறிவித்தார்.

இது நாம் எல்லாரும் அறிந்த செய்தி. அந்த அறிவிப்புக்கு 53 நாள் முன்பு, கெடா மாநிலத்தின் பாலிங் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் துங்கு இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார். எதிரே அமர்ந்திருந்தவர் மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் தலைவர் சின் பெங். அந்தப் பேச்சுவார்த்தையை நாம் பெரும்பாலும் ‘தோல்வி’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம். அந்தச் சொல் முழு உண்மையா என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். அதற்கு முதலில், அன்றைய தோட்டப்புற வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தக் காலத்தை மலாய்மொழியில் ‘டாருராட்’ என்பர். அது காட்டுக்கும் இராணுவ முகாமுக்கும் இடையே மட்டும் நடந்த போர் அன்று. இடையில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களில் நம் மக்கள் இருந்தனர்.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை செய்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், இருந்த இடத்திலேயே ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றிக் கம்பி, வாயிலில் காவல், இரவில் ஊரடங்கு. பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்.

மரம் சீவும் வேலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் பாதிப்பு உடனே விளங்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஊரடங்கு முடிந்து வாயிலைத் திறக்கத் தாமதமானால் பால் குறைந்தது. பால் குறைந்தால் கூலி குறைந்தது. வேலைக்குப் போகிறவர்களின் வாளியும் சைக்கிளும் சோதிக்கப்பட்டன. காட்டிலுள்ளவர்களுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் ஒரு கவளம் சோற்றைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கடைக்காரர் தகர டின்னை விற்கும்போதே அதில் துளையிட்டுக் கொடுத்தார். திறந்த டின்னைப் பதுக்கி வைக்க இயலாது அல்லவா?

இதைவிடக் கொடியது நடுவில் சிக்கிய நிலை. காட்டிலிருந்து வந்து அரிசி கேட்பவருக்குக் கொடுத்தால் தடுப்புக்காவல். கொடுக்க மறுத்தால் மறுநாள் நிரையில் தனியே மரம் சீவும்போது என்ன நடக்குமோ என்ற அச்சம். அவசரகாலத்தில் 2,400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். துப்பாக்கி ஏந்தாத அவர்களுள் பலர் இப்படி நடுவில் நின்றவர்களே. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்களில் பிறந்தவர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிலர் மணிக்கணக்கில் பேசுவார்கள். சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1953 செப்டம்பர் 3ஆம் நாள், மலாக்காவின் கடலோரப் பகுதி நாட்டின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. 221 சதுர மைல் பரப்பு. ஏறத்தாழ 1,60,000 மக்கள். அங்கே ஊரடங்கு நீக்கப்பட்டது. உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. உள்நாட்டுப் பகுதியில் பழைய சட்டம் தொடர்ந்தது. ஒரே மாநிலத்தில் ஓர் ஊரில் இரவுக் கடை திறந்திருக்கும். வேறோர் ஊரில் மாலையிலேயே வாயில் பூட்டப்படும்.

வெள்ளைப் பகுதி மக்களுக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் அது போர்நிறுத்தம் அன்று. ஒரு தரப்பு தன் பிடி வலுத்துவிட்டது என்று கண்டு, தானே கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எதிர்த்தரப்பை யாரும் கேட்கவில்லை. அமைதி திரும்பவில்லை என்றால் கட்டுப்பாடும் திரும்பும். போர்நிறுத்தம் வேறு வகை. இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பாமலேயே, ‘இந்த இடத்தில், இந்த நாள் வரை, நான் சுடமாட்டேன்’ என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதே போர்நிறுத்தம். அது சரணடைவதும் ஆகாது. அமைதி உடன்படிக்கையும் ஆகாது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை, தள்ளி வைக்கிறது. கொரியாவில் 1953 ஜூலை 27ஆம் நாள் பன்முன்ஜொம்மில் கையொப்பமான போர்நிறுத்தம் இன்றும் நடப்பில் உள்ளது. அமைதி உடன்படிக்கை மட்டும் இன்னும் வரவில்லை.

தமிழுக்கு இந்தக் கருத்து புதியதன்று. பகைவர் இருவருக்கு இடையே சென்று சமரசம் பேசுவதைப் பழந்தமிழில் ‘சந்து செய்தல்’ என்றனர். இன்று ‘சந்து’ என்றால் நமக்குக் குறுகிய தெருதான் நினைவுக்கு வருகிறது. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளி, அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளியை உறையூரில் முற்றுகையிட்டபோது, புலவர் கோவூர்கிழார் இருவரிடமும் பேசினார். அவர் பாடல் புறநானூற்றில் 45ஆம் பாட்டாக உள்ளது. எதிரே நிற்பவனும் சோழனே, இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். படையும் பதவியும் இல்லாத ஒரு புலவர் போர்க்களத்தில் அப்படிப் பேசியதும், அரசர் இருவர் அதைக் கேட்டு நின்றதும் இன்றைக்கும் வியப்பாகவே உள்ளது.

பாலிங்கில் அப்படி ஒரு புலவர் இல்லை. இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்கார வைத்தது தேர்தல். 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51ஐ வென்றது. துங்கு முதலமைச்சரானார். போரை முடிவுக்குக் கொண்டுவருவதாக அவர் மக்களிடம் வாக்குறுதி அளித்திருந்தார். செப்டம்பர் 9ஆம் நாள் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. சுடுவதற்கு முன் சரணடையும்படி கூவி அழைக்க வேண்டும் என்று பாதுகாப்புப் படையினருக்குக் கட்டளை போனது. காட்டிலிருந்து அதிகம் பேர் வெளியே வரவில்லை. ஆனால் கடிதம் வந்தது. கம்யூனிஸ்டு கட்சி பேச விரும்புவதாக அதில் எழுதியிருந்தது.

ஏழு ஆண்டுகளாக ஒருவரையொருவர் வேட்டையாடியவர்கள் எப்படிச் சந்திப்பது? தாய்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள கிளியான் இந்தான் என்ற சிற்றூரில் முதலில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் சந்தித்து நிபந்தனைகளைப் பேசி முடித்தனர். கம்யூனிஸ்டுகளின் சார்பில் சென் தியென் வந்தார். எந்த வழியாக வருவது, எந்தப் பகுதியில் படை நடவடிக்கை நிற்க வேண்டும், பேச்சு முறிந்தால் எப்படித் திரும்புவது என எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசினர். கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். பேச்சு முறியக்கூடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

டிசம்பர் 28ஆம் நாள் காலை, சின் பெங், சென் தியென், ரஷீத் மைடின் ஆகிய மூவரும் காட்டிலிருந்து வெளியே வந்தனர். அவர்களை வரவேற்று அழைத்துச் செல்ல நின்றவர் ஜான் டேவிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி. ஜப்பானியர் ஆட்சியின்போது டேவிஸும் சின் பெங்கும் இதே மலாயாக் காட்டில் ஒரே பக்கம் நின்று போராடியவர்கள். அப்போது தோழர்கள், இப்போது எதிரிகள். அவரை அனுப்பியது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும். முகம் தெரிந்தவர் வந்தால் வாக்குக்கு ஓர் உடல் கிடைக்கிறது.

பாலிங் ஆங்கிலப் பள்ளியில் மேசைக்கு எதிர்ப்புறம் மூவர் அமர்ந்தனர். ஒருவர் துங்கு. மற்றொருவர் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். மூன்றாமவர் மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக். மலாக்காவில் பிறந்தவர். மலாக்கா நகரில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் தெருவில் நீங்கள் நடந்திருக்கலாம். 1949 ஏப்ரலில் ஈப்போவில் ஒரு கூட்டத்தில் அவர்மீது கையெறிகுண்டு வீசப்பட்டது. கம்யூனிஸ்டுகளின் தாக்குதல் அது. படுகாயமடைந்து உயிர் தப்பினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 72 வயதில், அந்தக் கட்சியின் தலைவர் எதிரே வந்து உட்கார்ந்தார். போர்நிறுத்தம் என்றால் என்ன என்று விளக்க இலக்கணம் தேவையில்லை. இந்த ஒரு காட்சி போதும்.

பேச்சு எங்கே முறிந்தது? துங்குவின் நிலைப்பாடு இது: கட்சியைச் சட்டப்படி ஏற்க முடியாது, அதைக் கலைத்துவிட்டுச் சரணடைய வேண்டும், வெளியே வருபவர்கள் விசாரிக்கப்படுவார்கள். சின் பெங்கின் பதில்: போரை நிறுத்தத் தயார், ஆனால் சரணடைதல் என்ற இழிவை ஏற்க மாட்டோம். இரண்டு நாளும் பேச்சு ‘சரண்’ என்ற அந்தச் சொல்லையே சுற்றி வந்தது. சொற்களுக்காகவா மனிதர் சாகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் விசாரணை, சிறை, கட்சியின் எதிர்காலம் எல்லாம் இருந்தன. ஆகவே, அது வெறும் சொல் அன்று.

இருப்பினும், சின் பெங் ஒரு வாக்குறுதி தந்தார். உள்நாட்டுப் பாதுகாப்பும் ஆயுதப் படையும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கைக்கு வந்தால், தாங்கள் போரை நிறுத்தி ஆயுதங்களைக் கீழே வைப்போம் என்றார். துங்கு அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1956 புத்தாண்டு நாளில் அவருடைய குழு இலண்டனுக்குக் கப்பலேறியது. பாதுகாப்பு அதிகாரத்தை எங்களிடம் தாருங்கள், போர் முடியும் என்று பிரிட்டிஷ் அரசிடம் சொல்வதற்கு இப்போது அவரிடம் வலுவான காரணம் இருந்தது. பிப்ரவரி 8ஆம் நாள் விடுதலை ஒப்பந்தம் கையொப்பமானது. பன்னிரண்டு நாள் கழித்துப் பண்டார் ஹிலிர் திடல். ‘தோல்வியடைந்த’ பேச்சு விடுதலையின் வேகத்தைக் கூட்டியது என்று சொல்வது மிகையாகாது. ஆனால் சின் பெங்கின் வாக்குறுதி, விடுதலைக்குப் பிறகும் நிறைவேறவில்லை. கட்சியை ஏற்பதா, கலைப்பதா என்ற பழைய கேள்வியே மீண்டும் குறுக்கே நின்றது.

நாம் மறந்துவிடும் இன்னொன்று டிசம்பர் 29ஆம் நாள் மாலையில் நடந்தது. பேச்சு முறிந்துவிட்டது. தேடப்படும் தலைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். சுற்றிலும் படையினர். அவரைப் பிடித்திருந்தால் போர் அன்றே முடிந்திருக்கும் என்று நினைத்தவர்கள் இருக்கலாம். யாரும் பிடிக்கவில்லை. கொடுத்த வாக்கின்படி சின் பெங்கும் அவருடன் வந்த இருவரும் பத்திரமாகக் காட்டுக்குத் திரும்பிச் சென்றனர். அவர்களை வழியனுப்பக் கூடவே சென்றவரும் ஜான் டேவிஸ்தான்.

வாக்கு மீறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், பின்னொரு நாள் ‘வாருங்கள், பேசுவோம்’ என்று அழைக்கும்போது யாரும் நம்பி வந்திருக்க மாட்டார்கள் என்று எண்ணக் காரணம் உண்டு. இலங்கையில் 2002 பிப்ரவரி 22ஆம் நாள், நோர்வே நாட்டின் முயற்சியால் அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர் ஒருவரையொருவர் பார்க்கப் பயணம் செய்தனர். அந்தச் சில ஆண்டுகளில் உயிர் பிழைத்தவர்களுக்கு அந்தப் போர்நிறுத்தம் வீண் அன்று. ஆனால் மீறல்கள் ஆயிரக்கணக்கில் பதிவாயின. 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியபோது, காகிதத்தில் மட்டுமே எஞ்சியிருந்ததுதான் முடிந்தது. அடுத்து வந்த போரில் மக்கள் பட்ட துயரம் நாம் அறிந்தது.

தலைவர்கள் கட்டளையிடாமலேயே போர்நிறுத்தம் பிறந்ததும் உண்டு. 1914 கிறிஸ்துமஸ் நாளில் ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மானியச் சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து எழுந்து வந்தனர். இடையில் கிடந்த தத்தம் பிணங்களைப் புதைத்தனர். புகையிலையும் உணவும் பரிமாறிக்கொண்டனர். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு அப்படி நடக்கக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டனர். சிப்பாய்களின் கைகுலுக்கல் ஒரு நாளுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் நீட்டிக்க, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் வேண்டும்.

மலாயாவுக்குத் திரும்புவோம். பாலிங்குக்குப் பிறகு பொதுமன்னிப்பு நிறுத்தப்பட்டது. நாடு விடுதலை பெற்றதும், ‘அந்நியரை எதிர்க்கிறோம்’ என்று சொல்லிவந்தவர்களின் வாதம் வலுவிழந்தது. பலர் காட்டைவிட்டு வெளியே வந்தனர். 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. தோட்டங்களைச் சுற்றியிருந்த முள்வேலியின் தேவையும் போயிற்று. எஞ்சியவர்கள் தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கினர். 1968இல் மீண்டும் ஆயுதம் தூக்கினர். இன்னொரு தலைமுறை இராணுவ வீரர்களும் காவல்துறையினரும் எல்லைக் காடுகளில் உயிரிழந்தனர்.

1989 டிசம்பர் 2ஆம் நாள், தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் ஒரு தங்கும் விடுதியில் மலேசிய அரசு, தாய்லாந்து அரசு, மலாயா கம்யூனிஸ்டு கட்சி ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடினர். பாலிங்கில் பிரிந்து 34 ஆண்டுகள் ஓடியிருந்தன. டான் செங் லாக் 1960 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். துங்குவுக்கு வயது 86. பினாங்கில் ஓய்வில் இருந்த அவர், தாம் பாலிங்கில் தேடிய முடிவு எட்டப்பட்டதைப் பார்த்துவிட்டு, அதற்கடுத்த டிசம்பரில் காலமானார்.

கட்சியின் சார்பில் கையொப்பமிட்டவர்களுள் சின் பெங் இருந்தார். 1955இல் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ரஷீத் மைடினும் இருந்தார். ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொள்வது, ஆயுதக் குழுக்களைக் கலைப்பது, ஆயுதங்களை அழிப்பது என எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். பாலிங்கில் இரண்டு நாள் பேசியும் தாண்ட முடியாத அந்த ஒரு சொல், ‘சரண்’, ஹாட்யாய் உடன்படிக்கையில் இடம்பெறவில்லை.